பாட்டி குரலோடு இரைச்சலும் வருதா? முதலில் சார்ஜரைக் கழற்றுங்க!

கல்யாண நலங்கு, தெருக்கூத்து, பாட்டியின் தாலாட்டு... கள்ளக்குறிச்சிப் பக்கம் பரணில் தூங்கும் பழைய கேசட்டுகளில் எதுவும் இருக்கலாம். கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வாய்வழியாகவே காத்துவந்த பாட்டு என்றால், அந்த கேசட்டைத் தவிர வேறு பிரதியே இல்லாமல் போகலாம்.

அதை யு.எஸ்.பி ஆடியோ கன்வெர்ட்டர் வழியாக கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரைச்சல் வந்தால், திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், நாடா தேயும். கேசட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள்.

அப்போதும் 'ம்ம்ம்' என்று ரீங்காரமா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால், 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம் எர்த் வழியாக ஒலியில் கலந்திருக்கிறது. பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

'பட்... பட்' என்று வெட்டுகிறதா? ஹப் வேண்டாம், கன்வெர்ட்டரை நேராக கம்ப்யூட்டரில் சொருகுங்கள். மற்ற புரோகிராம்களை மூடுங்கள். பதிவு மென்பொருளில் பஃபர் அளவைக் கூட்டுங்கள்.

கேசட் ஓடும்போது மட்டும் 'ஸ்ஸ்ஸ்' என்றால், அது நாடாவின் சத்தம். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் ஓட்டுங்கள். மிச்சத்தை 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் குறைக்கலாம். ஆனால், கை வைக்காத மூலப்பதிவு ஒன்றைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். இரைச்சலை நாளைக்கும் நீக்கலாம்; தேய்ந்த குரல் திரும்பாது!