பந்தை விட்டுப் பாருங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தும் ஒரு பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாதவன் நான். எங்கள் பக்கத்தில் இது சற்று வெட்கப்பட வேண்டிய செய்தி. மேற்கே இரயில் பாதையைத் தாண்டினால் வியாசர்பாடி. அதற்குப் பத்திரிகைக்காரர்கள் ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு பந்து வந்து காலில் மோதும். அதைக் குனிந்து கையால் எடுத்து எறிந்துவிட்டு, பையன்களின் சிரிப்புக்கிடையே நடையைக் கட்டுபவன் நான்.

அப்படிப்பட்டவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சென்னையின் எஃப்.சி. அணியின் ஆட்டத்திற்கு அழைத்துப் போனார். அவர் ஒரு காலத்தில் சென்னை லீக்கில் ஆடியவர்; இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தன்னிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது, துணைக்கு ஆளில்லை என்றார். அன்று அவரிடம் கற்றுக்கொண்டது என்னைப் போன்ற ‘கைப்பந்து’க்காரர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து நேரு விளையாட்டரங்கம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். 2021இல் எங்கள் பகுதிக்கு மெட்ரோ இரயில் வந்தபின் சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு நடந்தால் போதும். இவ்வளவு அருகில் இருந்தும் இருபது வயது வரை நான் உள்ளே போனதில்லை. அந்த இடத்திற்கு ஒரு பழங்கதை உண்டு. முன்பு அங்கே இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். இப்போதுள்ள அரங்கம் 1993இல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. அக்கோப்பையை வட கொரியா வென்று சென்றது.

படியேறி மேலே போய் நின்றதும் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. தொலைக்காட்சியில் பெரிதாகத் தெரியும் ஆட்டக்காரர்கள் இங்கே கட்டை விரல் அளவு இருந்தார்கள். களத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் ஓடுவதால் இருக்கைகள் இன்னும் தள்ளிப் போய்விடுகின்றன. ஆட்டம் தொடங்கு முன் பயிற்சிக்காகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்றைக் கவனித்தேன்: எதிர்க்கோடியில் ஒருவர் உதைக்கிறார், பந்து கிளம்பிவிடுகிறது, அதன் பிறகுதான் ‘தொப்’ என்ற ஓசை வருகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். எங்களுக்கும் அந்தக் கோடிக்கும் 150 மீட்டர் என்றால் அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. பாடப் புத்தகத்தில் இடியும் மின்னலுமாகப் படித்ததை அன்று காதால் கேட்டேன். அண்ணனிடம் சொன்னேன். “இதுக்கா உன்ன கூட்டினு வந்தேன்?” என்று சிரித்தார்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் என் தலை பந்தோடு இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கழுத்து வலித்ததுதான் மிச்சம். பந்து நடுவிலேயே சுற்றியது, பின்னால் போனது, வெளியே போனது. ஒன்றும் நடக்கவில்லை என்று முணுமுணுத்தேன்.

“பால பாக்காத தம்பி. பால டிவிலயே பாக்கலாம். ஒரு ஆள புடிச்சுக்கோ. அவன மட்டும் பாரு, பத்து நிமிசம்” என்றார் அண்ணன்.

நடுக்களத்தில் பின்காப்பாளர்களுக்கு முன்னால் நின்ற ஒருவரைக் காட்டினார். பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவரிடம் பந்து வந்தது ஐந்தாறு முறை. வந்தவுடன் ஒரு தட்டு, போய்விட்டது. மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்தார்? நடந்தார். கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நான்கடி இடப்பக்கம் நகர்ந்தார். கையை நீட்டி ஒருவரை முன்னே போகச் சொன்னார். எதிரணியினர் ஒருவருக்கொருவர் பந்தைத் தர நினைத்த கோட்டின் குறுக்கே போய் நின்றார்; அவர்கள் வேறு வழியின்றிப் பந்தைப் பின்னால் தட்டினார்கள். நான் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொன்னேனே, அந்த ஒன்றும் நடக்காமையைச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்!

வீட்டுக்கு வந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் 90 நிமிடம் என்றாலும், பந்து வெளியே போவது, தவறுக்காக நிற்பது எல்லாம் கழிந்தால் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. 55 நிமிடம் என்று வைத்துக்கொண்டு 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். மீதி 87 நிமிடத்திற்கு மேல் ஒவ்வோர் ஆட்டக்காரரும் பந்தில்லாமல்தான் ஆடுகிறார். அதற்காக ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் ஓடவும் செய்கிறார். இடத்தையும் இதுபோல் பங்கிடலாம். பன்னாட்டுக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 22ஆல் வகுத்தால் ஒருவருக்கு 324 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கிரவுண்டு. எங்கள் தெருவில் அவ்வளவு இடத்தில் எட்டுக் குடித்தனம் இருக்கும். இந்த ஒன்றரைக் கிரவுண்டை எதிரிக்குச் சுருக்குவதும் தன் தோழனுக்குப் பெருக்குவதுமே ஆட்டம் என்பது அண்ணனின் சித்தாந்தம். தொலைக்காட்சிப் பெட்டி பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இந்த நில விவகாரம் அதில் தெரிவதில்லை.

‘ஆஃப்சைடு’ என்ற விதி எனக்குப் புரிந்ததும் அன்றுதான். எத்தனையோ பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். எல்லோரும் பந்து போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டி விளக்கினார்கள், அதனால் புரியவில்லை. பந்தை உதைக்கும் அந்தக் கணத்தைப் பார்க்கவேண்டும். அப்போது, எதிரணியின் பாதிக் களத்தில் நிற்கும் முன்னணி ஆட்டக்காரர், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் இருக்கக்கூடாது. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்காப்பாளர் என்பதால், நடைமுறையில் கடைசிப் பின்காப்பாளரைத் தாண்டக்கூடாது. அண்ணன் இடக்கையின் நான்கு விரல்களைப் பின்காப்பாளர்களாக நிறுத்தி, வலக்கைச் சுட்டுவிரலை அவற்றின் ஊடே ஓடவிட்டுக் காட்டினார். 1925 வரை இருவருக்குப் பதில் மூவர் முன்னால் இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. கோல்கள் குறைந்துபோனதால் மாற்றினார்கள். கோட்டோரம் கொடி பிடித்து ஓடும் துணை நடுவரும் பந்தை விட்டுவிட்டுக் கடைசிப் பின்காப்பாளரோடுதான் ஓடுகிறார். அவரைப் பார்த்தாலே விதி விளங்கிவிடும்.

இடைவேளை வந்தது. தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். “அண்ணே, நீங்க ஏன் இந்த மாதிரி டீமுக்கு ஆடல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்று பிறகு தோன்றியது.

அவர் காலத்துக் கதை வேறு. ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித்துறை, இந்தியன் வங்கி என அலுவலகங்களுக்கு அணிகள் இருந்தன; நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வடசென்னைப் பையன் ஒருவன் பந்தைத் துரத்தினான் என்றால் மாதச் சம்பளத்தைத் துரத்தினான் என்று பொருள். அண்ணன் ஓர் அலுவலகத்தின் தேர்வுக்கு இரண்டு முறை போனார். மூன்றாவது முறைக்கு முன் முழங்கால் போயிற்று. அறுவைச் சிகிச்சைக்குக் காசில்லை. தானாகச் சரியாகும் என்று இருந்துவிட்டார்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபின் வேறொரு வழி பிறந்தது. இது வேலை தராது, ஒப்பந்தம் தரும். பணம் கூடுதல், காலம் குறைவு. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் அணிக்காக நடுக்களத்தில் ஆடினார். 3–2 என்று வென்றார்கள், அது அணியின் இரண்டாவது கோப்பை. சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல் டுராண்ட் கோப்பையில் வெற்றியைத் தந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. 2018–19இல் ஐ-லீக் கோப்பையையே வென்ற சென்னை சிட்டி அணி, 2020–21க்குப் பின் அந்த லீக்கில் இல்லை. கோப்பை வாங்கிய அணியின் கதியே இப்படி! வேலையா, ஒப்பந்தமா, எது மேல் என்று கேட்டேன். “முட்டி நல்லா இருந்தா ரெண்டும் மேல்தான்” என்று எழுந்து தேநீர்க் குவளையைப் போடப் போனார்.

இரண்டாம் பாதியில் நம் அணி கோல் அடித்தது. இடக்கோடியிலிருந்து பந்து வருமுன் ஒருவர் அருகிலிருந்த கம்பத்தை நோக்கி வெறிகொண்டு ஓடினார். இரண்டு பின்காப்பாளர்கள் அவரோடு ஓடினார்கள். பந்து அவருக்குப் பின்னால் சென்றது. அவர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் இன்னொருவர் வந்து நின்று அமைதியாக உள்ளே தள்ளினார். அரங்கமே எழுந்து அடித்தவர் பெயரைக் கூவியது. அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கி, “ஓடுனான் பாரு, அவன்!” என்றார். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு அளவற்ற பெருமை.

கடைசிக் கட்டத்தில் எதிரணி ஒன்றைத் திருப்பிவிட்டது. ஆட்டம் சமநிலை. அதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை.

திரும்பி வரும்போது எங்கள் தெருமுனை விளக்கடியில் பையன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு செங்கற்கள் ஒரு பக்கம், இரண்டு செருப்புகள் மறு பக்கம். அண்ணன் போகாமல் நின்றார். ஓரமாக நின்ற சின்னப் பையன் ஒருவனைப் பார்த்து, “டேய், பின்னால பாருடா, எடம் இருக்குது பாரு” என்று கத்தினார். பந்து அப்போது அவனிடம் இல்லை. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றான்.