கஞ்சாவும் சட்டமும்: பாக்கு நீரிணையின் இரு கரைகள்

வடபிராந்தியக் கடற்படைத் தலைமையகம் அமைந்துள்ள காங்கேசன்துறையிலிருந்து வெளிவரும் செய்திகளில் 'கேரளக் கஞ்சா' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகின்றது. படகும் பொதிகளும் கைப்பற்றப்பட்டன, சந்தேகநபர் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்பதோடு செய்தி முடிவுறும். அவர்களை எதிர்கொள்ளும் சட்டம் யாது, அது எவ்வாறு உருவாயிற்று என்பவற்றைச் சுருக்கமாக விளக்குவதே எமது நோக்கமாகும்.

கஞ்சாத் தடை எமது மரபில் தோன்றியதன்று. பிரித்தானிய இந்தியாவில் 1893-94 இல் இயங்கிய இந்தியக் கஞ்சா ஆணைக்குழு, மிதமான நுகர்வு பெருங்கேடு விளைவிப்பதில்லை எனவும் முழுத்தடை வேண்டப்படுவதில்லை எனவும் முடிவுசெய்தது. எனினும் 1925 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டினுள் கொணர்ந்தது. இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. குடியேற்றவாத ஆட்சி நீங்கியும் அச்சட்டம் நீங்கவில்லை. 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம் அதனை மேலும் கடுமையாக்கியது.

இத்தடைக்கு ஒரு விலக்கும் உண்டு. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் சுத்தி செய்யப்பட்ட கஞ்சா மருந்துச் சரக்காகும். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், பதிவுபெற்ற வைத்தியர் மருந்து தயாரிப்பதற்கென அதனைப் பெற வழிசெய்தது.

எதிர்க்கரையின் நிலை வேறு. இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் பூங்கொத்தையே 'கஞ்சா' என வரையறுக்கின்றது. தனித்த இலை அதனுள் அடங்காது. ஆகவே சில மாநிலங்களில் 'பாங்கு' உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றது. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு எனப் பிரிக்கப்பட்டு, தண்டனையும் அதற்கேற்ப வேறுபடுகின்றது. பயிர்ச்செய்கையை அனுமதிக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் உள்ளது. அமெரிக்காவிலும் மாற்றம் மாநிலங்களிலிருந்தே எழுந்தது: கலிபோர்னியா 1996 இல் மருத்துவப் பாவனையையும், கொலராடோவும் வாஷிங்டனும் 2012 இல் வயதுவந்தோர் பாவனையையும் அனுமதித்தன. 2020 இல் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழுவும் மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை அகற்றியது.

ஒற்றையாட்சி அமைப்புடைய இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கும் மாத்தறைக்கும் ஒரே சட்டமே. ஆயின் அதன் சுமை யாவர்மீதும் ஒரே வகையில் விழுவதில்லை. கடலிற் பிடிபடுபவர் படகோட்டியும் பொதி சுமப்பவருமே. முதலீடு செய்தவர் கரையிலேயே தங்கிவிடுகின்றார். மறுபுறம், 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கையை ஆராய நிபுணர் குழுவொன்றை முன்மொழிந்தது. ஒரே செடி மூலதனத்தின் கையில் அந்நியச் செலாவணியாகவும் வறியவன் கையில் குற்றமாகவும் அமைதல் ஆழ்ந்து நோக்கற்பாலது.

கஞ்சா தீங்கற்றது என்பது எமது வாதமன்று. இளம் வயதினரிடத்து அதன் தீய விளைவுகளை மருத்துவ ஆய்வுகள் சுட்டியுள்ளன. நுகர்வோன், கூலிக்குச் சுமப்பவன், வணிகன் ஆகிய மூவரையும் பிரித்தறியாச் சட்டம் நீதியை எய்தாது என்பதே எமது துணிபு. அத்தகைய பகுப்பாய்விலிருந்தே சீர்திருத்தம் தொடங்குதல் வேண்டும்.