பிக்கப் வண்டிக்குப் புது பேட்டரி. பழையது எங்கே போகிறது?

மார்கழி, தை மாதங்களில் எங்கள் உழவர் குழுவில் அதிகம் வரும் கேள்வி பூச்சியைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ இருக்காது. "சார், விடிகாலைல வண்டி செல்ஃப் எடுக்கல. பேட்டரி மாத்தணுமா?" என்பதுதான். வேலூர் உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டும் கத்தரிக்காயும் ஏற்றி நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஷெட்டிலேயே நின்றுவிட்டால், அன்றைய கீரை மாட்டுக்குத்தான். அதனால் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து எஞ்சினைச் சுற்றிவிட, செல்ஃப் மோட்டார் ஓரிரு நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகிற அளவு சார்ஜ் இருந்தாலும் டீசல் பிக்கப் முனகிவிட்டு நின்றுபோவது இதனால்தான். பொலிரோ, டோஸ்த் மாதிரி வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான். லாரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சேர்ந்து 24 வோல்ட். அங்கே ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே ஜோடியில் ஓடினால் புதியதும் சீக்கிரம் படுத்துவிடும்.

மாற்றுவதற்கு முன்னால் நூறு, இருநூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12 என்றால் கிட்டத்தட்ட காலி. யாரையாவது சாவி போடச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது பாருங்கள். நல்ல சார்ஜ் இருந்தும் ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அடுத்து எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் பெல்ட்டோ டைனமோவோ பழுது, பேட்டரி மேல் தப்பில்லை. இந்த மூன்றாவது அளவை எடுக்காமல் புது பேட்டரி போட்டு, ஒரே மாதத்தில் அதுவும் இறங்கிப்போய்க் கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

டெர்மினலையும் பார்க்க வேண்டும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவுங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

பேட்டரியைக் குளிர் கெடுக்கிறது என்று நினைக்கிறோம். நம் ஊரில் கெடுப்பது வெயில். சித்திரை, வைகாசியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது பானட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டுகள் அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் அப்போது நடக்கிறது. மார்கழியில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃபுக்கு இன்னும் கொஞ்சம் பலம் தேவைப்படும்போதுதான் கோடையில் பட்ட அடி வெளியே தெரிகிறது. சிறு விவசாயி வண்டியை வாரம் இரண்டு நாள்தான் எடுப்பார், அதுவும் நாலு கிலோமீட்டர். செல்ஃபுக்குச் செலவானது திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும். அரை சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஒரு மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள்.

மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் நம் பாலாற்றுப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். பயிரைக் கருக்கும் அந்த உப்பு ஈயத் தட்டை மட்டும் சும்மா விடுமா? ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன்தான் சரி. குறி அளவு வரைக்கும் ஊற்றுங்கள். ஆசிட் எப்போதும் சேர்க்க வேண்டாம். வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை.

கழற்றும் முறை எளிது. சாவியை எடுத்துவிட்டு முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது. வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பானர் உடம்பில் பட்டால் ஷார்ட் ஆகி, ஸ்பானரே பழுக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே பக்கத்தில் பீடி கூடாது. எடை பதினைந்து, இருபது கிலோ இருக்கும். சாய்க்காமல் தூக்குங்கள். ஆசிட் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதியது வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். கடை அலமாரியில் எட்டு மாதம் தூங்கினது நமக்கு வேண்டாம்.

இதுவரைக்கும் எந்த மெக்கானிக்கும் சொல்வார். இயற்கை விவசாயி கேட்க வேண்டிய கேள்வி இதற்கப்புறம்தான் இருக்கிறது. கழற்றி வைத்த பழைய பேட்டரி என்ன ஆகிறது?

பலர் வீட்டில் அது மாட்டுக்கொட்டகை ஓரம் கிடக்கும். இது பெரிய ஆபத்து. மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறுவதற்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று, எறிந்து கிடக்கும் பழைய பேட்டரிகள். உடைந்த பேட்டரியை மாடு நக்கும், துண்டை மென்றும் விடும். பிறகு பல்லைக் கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டும், இரண்டொரு நாளில் செத்தும் போகும். பால் கொடுக்கிற மாடு பிழைத்துக்கொண்டால் ஈயம் பாலிலும் வரும்.

"ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தானே வளர்ந்தோம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது வெள்ளீயம், தகரம் என்று சொல்கிற உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். பெயர்தான் ஒட்டுகிறது, குணம் வேறே. காரீயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

காயலான் கடைக்குப் போட்டால் பேட்டரிக் கடையை விடச் சில சமயம் நூறு, இருநூறு அதிகம் கிடைக்கும். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் கணக்குப் பார்த்தவன் நான், அந்தக் கண்ணோடேயே சொல்கிறேன். எட்டாயிரம் ரூபாய் பேட்டரி நாலு வருஷம் ஓடினால் மாதம் 167 ரூபாய். இரண்டு வருஷத்தில் போனால் மாதம் 333. பராமரிப்பில் இருக்கிற லாபம் அது. காயலான் கடையில் கிடைக்கும் கூடுதல் இருநூறை நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பிரித்தால் நாலு ரூபாய்தான் வரும்.

அந்த நாலு ரூபாய்க்காகப் பேட்டரி போகிற வழியைப் பாருங்கள். கைமாறிக் கைமாறி ஏதோ ஒரு பட்டறைக்குப் போய், கோடாலியால் பிளக்கப்பட்டு, ஈயம் கலந்த ஆசிட் வாய்க்காலில் கொட்டப்படும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பு போதும். புகையும் தூசியும் சுற்றி இருக்கிற மண்ணில் இறங்கும். மண்ணில் இறங்கிய காரீயம் மக்காது, எந்த ஜீவாமிர்தமும் அதைத் தின்றுவிடாது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டாக்கர் நகரத்துப் புறநகர் ஒன்றில் இப்படிப் பழைய பேட்டரி உடைத்த மண்ணால் 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

மண்ணில் உலோகம் இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதியது. கெடுத்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது இந்த வேலூர் வழக்கில்தான். அப்புறமும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்து அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கச் சொல்லி, 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் இருபத்தெட்டு வருஷம். தோல் ஷாப்காரரிடம் "உன் கழிவு எங்கே போகிறது?" என்று கேட்கிற நம் கையில், நம் பேட்டரிக்கான பதிலும் இருக்க வேண்டாமா?

பதில் கஷ்டமானதும் இல்லை. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கும் பொறுப்பை 2001-ஆம் ஆண்டு விதிகளே விற்பவர் மேல் வைத்தன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளரையே பொறுப்பாக்கின. ஆகவே புதியது வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் அதற்கான கழிவு எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்று சொல்கிற கடையிலிருந்து உங்கள் பேட்டரி எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. வாரண்டியும் கிடைக்காது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் அடிக்கிற முதுகு ஸ்பிரேயரில் பல மாடல்களுக்குள் இருப்பதும் இதே காரீய பேட்டரிதான், அளவு மட்டும் சின்னது. இரண்டு வருஷத்தில் போய்விடும். பிக்கப் பேட்டரியைக் கடையில் கொடுப்பவர்கள்கூட இதை வரப்பு ஓரம் எறிந்துவிடுகிறார்கள். ஒன்று, இரண்டாகக் கொண்டுபோனால் கடைக்காரர் முகம் கொடுக்க மாட்டார். எங்கள் குழுவில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றை மாடு போகாத இடத்தில், மழை படாமல் வைத்திருக்கிறோம். செத்துப்போன ஸ்பிரேயர் பேட்டரிகளையும் வேலிக்கு வைத்த பழைய பேட்டரிகளையும் அதில் போடுகிறோம். யாராவது பிக்கப்புக்கோ டிராக்டருக்கோ புது பேட்டரி வாங்கப் போகும்போது அந்த டிரம்மும் அதே வண்டியில் ஏறிவிடும். மொத்தமாகக் கொண்டுபோனால் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்.