திறந்திருக்கும் கண்ணுக்குக் காவல்

மனிதக் கண் முன்னிருந்து பின்னாக அளந்தால் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமே உடையது. பெரிய கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிதான இந்த உருண்டைக்குள் கைவைக்கும் மருத்துவர், ஒரு மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய சவ்வுகளுக்கு இடையே வேலை செய்கிறார். அவ்வேளையில் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பதில்லை, விழித்தே இருக்கிறார். கண் அறுவைச் சிகிச்சையின்போது தாதியர் விதிக்கும் கட்டுப்பாடுகள், அசையக்கூடாது, பேசக்கூடாது, இருமல் வந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பன போன்றவை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆஸ்பத்திரிக் கெடுபிடியாகவே தோன்றக்கூடும். ஆனால் அவற்றில் ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் கண்ணின் அமைப்பிலேயே விடை இருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இவ்விடையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அதிகம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒரு சில ரப்பர் கன்றுகளில் தொடங்கிய தொழில், பல தலைமுறைத் தமிழர்களைப் பால்மரக் காடுகளுக்குள் குடியமர்த்திற்று. பின்னர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது அவர்கள் சுங்கை சிப்புட், செம்மோர், ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களில் சிதறிக் குடியேறினர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பாலெடுக்க மரம் வெட்டப் போனவர்களில் இன்றும் இருப்போர் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குக் கண்புரைக்காக வரும் முதியோரில் இத்தகையோரும் உண்டு. மலேசியாவில் 2014இல் நடத்தப்பட்ட இரண்டாம் தேசியக் கண் ஆய்வு, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே பார்வையிழப்புக்கான காரணங்களில் 58.6 விழுக்காடு சிகிச்சை பெறாத கண்புரையே என்று கண்டது. அறுவையால் தீரக்கூடிய ஒன்றே முதல் காரணமாக நிற்பது கவலைக்குரிய செய்திதான்.

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் ஒளிபுகும் பகுதி கருவிழி எனப்படும். உண்மையில் அதற்கு நிறமில்லை. பின்னாலிருக்கும் பழுப்பு நிறத் திரையே அதற்குக் கருமை தருகிறது. கதிராளி என்னும் அத்திரையின் நடுவிலுள்ள துளையே பாவை. பாவைக்குப் பின்னால், நுண்ணிய இழைகளால் சுற்றிலும் கட்டித் தொங்கவிடப்பட்ட விழிவில்லை, பருப்புக்குத் தோல்போல ஒரு மெல்லிய உறைக்குள் அமைந்திருக்கிறது. தெளிவான இவ்வில்லை வயதாலோ, இனிப்பு நீராலோ, அடிபட்டதாலோ மங்கிப்போவதே கண்புரை. வில்லைக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது ஒளி ஊடுருவும் கூழ். அதற்கும் பின்னால், உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது.

கருவிழியின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. கருவிழிக்குள் புகும் நீரை இடைவிடாது வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பது அவற்றின் வேலை. பெரியவர்களின் கண்ணில் அவை அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. வில்லை உறையின் பின்சுவரோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே தடிப்புடையது. கண்புரை அறுவையில் மருத்துவர் மங்கிய வில்லையை அகற்றிவிட்டு, இவ்வுறையை மட்டும் பையாக நிறுத்திவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார். பின்சுவர் கிழிந்தால் கூழ் முன்னே வழிந்துவிடும்; இருபது நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகும், விழித்திரை விலகும் ஆபத்தும் கூடும்.

செயற்கை லென்ஸ் பிறந்த கதை இரண்டாம் உலகப் போரோடு தொடர்புடையது. போர் விமானங்களின் கூரைப் பிளாஸ்டிக் சிதறி விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் அதை வெறுத்தொதுக்காததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பொருளாலான லென்ஸை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். ஆனாலும் உலகின் பெரும்பகுதியில் அடுத்த சில பத்தாண்டுகள் வரை, வில்லையை எடுத்துவிட்டு புட்டியின் அடிச்சில்லுபோன்ற தடித்த மூக்குக்கண்ணாடி கொடுப்பதே வழக்கமாக இருந்தது. கீறல் பெரிது, நோயாளியின் தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாந்தே படுக்கவைத்து, ஊட்டிவிடுவதுதான் அக்காலத் தாதியின் பணி. 1967இல் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய, மீயொலி அதிர்வால் புரையைக் கூழாக்கி உறிஞ்சும் முறை பிற்பாடு பரவியபோது கீறல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிற்று, நோயாளி அன்றே வீடு திரும்பலானார். பணி குறைந்துவிட்டதாக இதைக் கொள்ளக்கூடாது. நாள்கணக்கில் பரவியிருந்த கவனம் முழுவதும் சில மணி நேரத்துக்குள் நெருக்கப்பட்டுவிட்டது என்பதே சரி.

அறுவைக்கு முன் நடக்கும் கேள்விகள் பலருக்குச் சலிப்பூட்டுகின்றன. பெயரென்ன, எந்தக் கண் என்று வரவேற்பில் ஒருவர், காத்திருக்கும் அறையில் ஒருவர், மேசையருகே இன்னொருவர் கேட்கும்போது, "எல்லாம் அந்த அட்டையிலேயே இருக்கே, மிஸி" என்று முதியவர் தாதியிடம் முணுமுணுப்பது இயல்பு. ஆயினும் இரண்டு கண்ணிலும் புரை இருப்பவரின் முகத்தைத் துணியால் மூடியபின் வலமும் இடமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், கண்ணுக்கு மேல் நெற்றியில் மையால் குறியிடுவதும், நோயாளியின் வாயாலேயே சொல்லவைப்பதும் தவிர்க்கக்கூடாதவை. லென்ஸின் வலிமையும் ஆளுக்கு ஆள் வேறு. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி எண் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை மாறிவிடும். ஆகவே லென்ஸ் பெட்டியைத் திறக்குமுன் அதன் எண்ணையும் நோயாளியின் பெயரையும் தாதி உரக்கப் படிக்க, மருத்துவர் அதை ஒப்புக்கொள்கிறார்.

மாத்திரைகளைப் பற்றிய விசாரணைக்கும் காரணம் உண்டு. சிறுநீர் அடைப்புக்காக ஆண்கள் உட்கொள்ளும் டாம்சுலோசின் என்னும் மருந்து, கதிராளியைத் தொய்வடையச் செய்து, அறுவையின் நடுவே பாவையைச் சுருக்கிவிடக்கூடியது; முன்னரே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். "மூத்திரத்துக்கு ஒரு மாத்திரை" என்று மட்டுமே அறிந்திருக்கும் முதியவரிடம் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்வதே நல்ல வழி. இரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டவரை மேசைக்கு அழைக்குமுன் கழிவறைக்கு அனுப்புவது சிறிய செயல்தான். ஆனால் கண் திறந்திருக்கும்போது நெளியத் தொடங்கும் நோயாளியைப் பார்த்த தாதி எவரும் அதை மறப்பதில்லை.

கிருமி கண்ணுக்குள் புகுவது இத்துறையின் பெரிய அச்சம். அக்கிருமிகள் பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலிருந்தும் இமைமயிரிலிருந்துமே வருகின்றன. எனவே ஐந்து விழுக்காடு போவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருப்பதும், ஒட்டும் துணியால் இமைமயிர் முழுவதையும் மறைப்பதும் கட்டாயம். இரண்டாவது ஆபத்து கருவிகளிலிருந்தே வரக்கூடும். நூலிழைபோன்ற குழாய்களில் சோப்பின் எச்சமோ முந்தைய நோயாளிக்குப் பயன்படுத்திய பசைமருந்தோ தங்கியிருந்தால், மேலே சொன்ன ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் நஞ்சூட்டப்பட்டு மறுநாளே கருவிழி வெளுத்துவிடும். பிறகு அதற்கு மாற்றுக் கருவிழிதான் வழியாகலாம். குழாயைக் காய்ச்சி வடித்த நீரால் திரும்பத் திரும்ப அலசும் வேலைக்கு யாரும் பாராட்டு வழங்குவதில்லை. கண்ணின் தெளிவோ அதைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

அறுவை மேசையில் நோயாளியின் அனுபவம் வேறு. முகம் துணியால் மூடப்படுகிறது, மூச்சுக்காகத் துணிக்கு அடியில் காற்றுக்குழாய் விடப்படுகிறது. சொட்டு மருந்தாலோ கண்ணைச் சுற்றிய ஊசியாலோ வலி மரத்துப்போனாலும், ஒளியும் நிழலும் நீரின் குளிர்ச்சியும் எந்திரத்தின் ஒலியும் தெரிகின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டிக்கு "ஜாங்ஙான் கெராக்" என்ற மலாய்ச் சொல் புரியாமல் இராது. அசையாதே என்பது அது. ஆனால் பயத்தில் இருக்கும் மனம் தாய்மொழிக்கே முதலில் கட்டுப்படுகிறது என்பதை மொழி பலவாகிய மருத்துவமனைகளில் வேலை செய்வோர் அறிவர். "அம்மா, நான் பக்கத்துலயே இருக்கேன், அந்த வெளிச்சத்தையே பாருங்க, இருமல் வந்தா என் கைய அழுத்துங்க, அப்புறமா இருமுங்க" என்று ஒரு தாதி சொல்லி அவர் கையைப் பற்றிக்கொள்வதில் ஆறுதலோடு உடற்கூற்றியலும் அடங்கியிருக்கிறது: இருமும்போது தலைக்குள் இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, கூழ் வில்லை உறையை முன்னோக்கித் தள்ளும், கருவி உள்ளே இருக்கையில் அது நேர்ந்தால் நான்கு மைக்ரான் சுவர் தாங்காது. கையை அழுத்தியதும் மருத்துவர் கருவியை வெளியே எடுத்துவிடுவார். கூன் விழுந்த முதுகுடையோருக்குத் தலையணையும் முழங்காலுக்கடியில் சுருட்டிய போர்வையும் வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இத்தகைய வேலையைக் கிராமத்துப் பெண்களிடம் ஒப்படைத்து வெற்றி கண்ட முன்மாதிரி மதுரையில் இருக்கிறது. 1976இல் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்துப் பெண்களை இரண்டாண்டு பயிற்றுவித்து, அளவெடுப்பு முதல் அறுவை உதவி வரை ஒவ்வொருவரையும் ஒரு துறையில் தேர்ச்சி பெறவைத்தது. மருத்துவர் ஒரு மேசையில் முடிக்கும்போது அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பதற்கு அவர்களே காரணம். பேராக்கிலோ பதிவுபெற்ற தாதியர் கண் மருத்துவத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்று வருகின்றனர். வழி வேறு, வேண்டப்படும் கை ஒன்றுதான்.

தோட்டப்புறத்துக்கே உரிய கண் விபத்து ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பால் உறைவதற்கு ஃபார்மிக் அமிலமும், உறையாதிருக்க அம்மோனியாவும் ரப்பர்த் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. அமிலம் கண்ணில் தெறித்தால் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைத்து, அவ்வுறைவே ஓரளவு தடுப்பாகிவிடுகிறது. அம்மோனியா போன்ற காரமோ உயிரணுக்களின் கொழுப்பைச் சோப்பாகக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீரே: அந்த இடத்திலேயே, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். தாய்ப்பாலையோ எண்ணெயையோ விடுவது நேரத்தைப் பறிக்கும். மருத்துவமனையை அடைந்ததும் பார்வையைச் சோதிப்பதே கண் காயங்களில் முதல் வேலை என்றாலும், இதற்கு மட்டும் விதிவிலக்கு. தாதி முதலில் உப்புநீரால் கழுவி, இமையைப் புரட்டி ஒளிந்திருக்கும் துகளை அகற்றி, அமில-காரத் தன்மை காட்டும் தாளை வைத்துப் பார்த்து, நிலை சீராகும்வரை நிறுத்துவதில்லை. செம்பனையில் அண்ணாந்து குலை அறுப்போருக்கு ஆபத்து வேறு: கண்ணில் விழும் தாவரத் துகள் பூஞ்சைப் புண்ணுக்கு வழிவிடும்.

இனிப்பு நீரின் பங்கும் சிறிதன்று. 2019இன் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினர் இந்நோயுடையோர். விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதுபட்டுக் கூழுக்குள் இரத்தம் கசிந்தாலோ விழித்திரை விலகினாலோ, கூழை அகற்றி அதனிடத்தில் சிலருக்கு வாயுவை நிரப்புவர். வாயு மேலெழும் இயல்புடையது. விலகிய பகுதியில் அது போய் அழுந்துவதற்காகவே நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்கின்றனர். குமிழி கரையும்வரை விமானப் பயணம் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ காரில் கேமரன் மலைக்கு ஏறுவதும் ஆபத்தே. அம்மலையிலுள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேல் உள்ளது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, கண்ணுக்குள் வாயு விரிந்து, விழித்திரைக்கு இரத்தம் வருவதையே நிறுத்திவிடக்கூடும். குறிப்பிட்ட நாள்வரை கழற்றாதே என்று கையில் மாட்டிவிடப்படும் பட்டையின் பொருள் இதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி கூறுபவற்றில், தைப்பூச வாரத்தில் ஈப்போவின் கல்லுமலை ஆலயக் கூட்டத்தையும் தலைமுழுக்கையும் கண்ணில் உதிரும் திருநீற்றையும் தவிர்க்கச் சொல்வதும் சேர வேண்டும். முதல் சில நாள்களில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே வந்துவிட வேண்டும்; கண்ணுக்குள் புகுந்த கிருமி சில மணி நேரத்திலேயே பார்வையை அழித்துவிடக்கூடும். ஆனால் வாயால் சொல்வது போதாது. வாசிக்கத் தெரியாத முதியவர் சொட்டு மருந்தை மூடியின் நிறத்தை வைத்தே அடையாளம் காண்கிறார், அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் புட்டி வந்தால் குழம்பிப்போகிறார். ஆகவே அனுபவமுள்ள தாதி வாசலில் அவரை உட்காரவைத்து, கீழிமையை விரலால் இழுத்து, புட்டியின் நுனி இமையைத் தொடாமல் ஒரு சொட்டு விடச் சொல்கிறார். முதல் சொட்டு கன்னத்தில் வழிகிறது. "இன்னொரு தடவ, ஐயா" என்கிறார். இரண்டாவது சொட்டு சரியாக விழுகிறது.