பல்கலைக்கழகக் கணினி விதிகள்: படிக்காமல் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம்

பல்கலைக்கழகத்தில் சேரும் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்படுகின்றன. முதன்முறை உள்நுழையும்போது திரையில் ஒரு நீண்ட அறிவிப்பு தோன்றும். அதன் அடியில் ‘விதிகளைப் படித்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்றொரு கட்டம் இருக்கும். அநேகமாக எவரும் படிப்பதில்லை. கட்டத்தைச் சொடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கிறோம். கணினி, வலைப்பின்னல், மின்னஞ்சல், மென்பொருள் ஆகியவற்றை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை அந்த ஆவணம்தான் வரையறுக்கிறது. பின்னாளில் ஒரு மாணவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்போது, நிர்வாகம் முதலில் எடுத்துக் காட்டுவதும் அந்த ஆவணத்தையே.

இது எல்லா மாணவருக்கும் பொதுவான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் அதன் சுமை சமமாக விழுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 75-ஆவது சுற்று ஆய்வின்படி, 2017-18 இல் இந்தியக் குடும்பங்களில் 10.7 விழுக்காட்டிடம் மட்டுமே கணினி இருந்தது. நகர்ப்புறத்தில் இது 23.4 விழுக்காடு, கிராமப்புறத்தில் 4.4 விழுக்காடு. ஊர்ச்சேரியிலிருந்து முதல் தலைமுறையாக உயர்கல்விக்கு வரும் மாணவருக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் கணினியே பெரும்பாலும் முதல் கணினி. வீட்டில் சொந்தக் கணினியும் இணைப்பும் உள்ளவருக்குப் பல்கலைக்கழகக் கணக்கு முடக்கப்படுவது ஓர் இடையூறு. இவருக்கோ அதுவே படிப்பின் முடிவாகிவிடக்கூடும்.

நியாயமான விதிகளும் சட்டத்தின் பிடியும்

இவ்விதிகளில் பெரும்பகுதி நியாயமானதே. கடவுச்சொல்லைப் பிறருக்குத் தராதே, பிறர் கணக்கில் நுழையாதே, உரிமம் இல்லாத மென்பொருளை நிறுவாதே, நூலகத் தரவுத்தளங்களிலிருந்து மொத்தமாகத் தரவிறக்காதே என்பவை எந்தப் பல்கலைக்கழகத்திலும் காணப்படுபவை. இவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவு, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி அதை அணுகுவதையும், அதிலிருந்து தரவுகளை நகலெடுப்பதையும் தவறென்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்துடன் செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிறரது கடவுச்சொல்லை அத்தகைய நோக்கத்துடன் பயன்படுத்துவதற்கு 66-சி பிரிவிலும் மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘அனுமதி’. எது அனுமதிக்கப்பட்டது, எது அனுமதிக்கப்படாதது என்பதைத் தீர்மானிப்பதில் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு விதியே முதல் சான்றாக நிற்கும். நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஆவணம் குற்றவியல் வழக்கொன்றின் அச்சாணியாக மாறுவது இவ்வாறுதான்.

அமெரிக்காவில் ஆரன் சுவார்ட்சுக்கு நேர்ந்தது இதற்கு ஒரு துயரமான எடுத்துக்காட்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியே ஜேஸ்டோர் தரவுத்தளத்திலிருந்து ஏராளமான ஆய்வுக்கட்டுரைகளைத் தரவிறக்கியதற்காக 2011-இல் அவர் கைது செய்யப்பட்டார். கணினி மோசடிச் சட்டத்தின் கீழ்ப் பல குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. வழக்கு விசாரணைக்கு வருமுன், 2013 சனவரியில், தம் 26-ஆவது வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அறிவு அனைவருக்கும் பொதுவாக வேண்டும் என்ற நோக்கம் அவரை வழக்கிலிருந்து காக்கவில்லை.

மென்பொருள் தொடர்பிலும் இதே எச்சரிக்கை தேவை. கிராக் செய்யப்பட்ட மென்பொருள் மூத்த மாணவர்களிடமிருந்து பென் டிரைவில் கைமாறி வருவது வழக்கம். வறுமைதான் அதற்குக் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63-பி பிரிவு, உரிமம் மீறிய கணினி நிரல் என்று அறிந்தே பயன்படுத்துவதற்குக் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. 2016-இல் தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. அத்தீர்ப்பு பேசியது பாடநூல் பகுதிகளை நகலெடுப்பதைப் பற்றியே. எழுதவும் கணக்கிடவும் லிப்ரேஆபிஸ், புள்ளியியலுக்கு ஆர், மேற்கோள் தொகுக்க சொட்டேரோ ஆகியவை கட்டணமின்றிச் சட்டப்படியே கிடைக்கின்றன. இவற்றை ஆய்வகங்களில் நிறுவிப் பயிற்சி அளிக்குமாறு கோருவது மாணவர் அமைப்புகளின் கடமை.

தெளிவற்ற சொற்களின் ஆபத்து

‘ஆட்சேபத்துக்குரிய உள்ளடக்கம்’, ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’, ‘கல்விசாரா நோக்கம்’ போன்ற சொற்கள் விதிகளில் இடம்பெறும்போது சிக்கல் தொடங்குகிறது. அம்பேத்கர் பிறந்தநாள் கருத்தரங்குக்கான அழைப்பை மின்னஞ்சலில் அனுப்புவது கல்விசார்ந்ததா, கல்விசாராததா? விடுதியில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை வெளியில் சொல்வது நற்பெயருக்குக் களங்கமா? விடை அதிகாரத்தில் இருப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று சிரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை முழுமையாகச் செல்லாததாக்கியது. எரிச்சல், அசௌகரியம், புண்படுத்தல் போன்ற வரையறையற்ற சொற்களால் பேச்சுரிமையைக் குற்றமாக்க முடியாது என்பதே அதன் சாரம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலேயே நிற்க முடியாத அத்தகைய சொற்கள் பல்கலைக்கழக விதிகளில் மட்டும் எந்தக் கேள்வியுமின்றி வாழ்வது எப்படி? அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசமைப்பின் 14, 19 ஆகிய கூறுகளுக்குக் கட்டுப்பட்டவையே.

அதே 2015 மே மாதத்தில், சென்னை ஐ.ஐ.டி. அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கியது. ஒன்றிய அரசுக்கு வந்த பெயரில்லாப் புகாரே தொடக்கம். அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தியதாக விதிமீறல் காரணம் கூறப்பட்டது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் சூன் மாதத்தில் அங்கீகாரம் மீண்டும் வழங்கப்பட்டது. நிறுவனப் பெயர் குறித்த இத்தகைய விதிகள் கணினிப் பயன்பாட்டு விதிகளிலும் காணப்படுகின்றன. விமர்சனம் எழும் வரை உறங்கும் விதி, விமர்சனம் எழுந்ததும் விழித்துக்கொள்வதை அந்த நிகழ்வு நமக்குக் காட்டியது.

2015 டிசம்பரில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றி, நிர்வாகக் கட்டடத்திலும் பொது இடங்களிலும் கூட்டாக நுழையத் தடை விதித்தது. துறைக்கும் நூலகத்துக்கும் செல்ல அந்த ஆணை அனுமதித்தது. இன்று நூலகம், தேர்வுக் கட்டணம், நுழைவுச்சீட்டு, ஒப்படைப்பு அனைத்தும் ஒரே கணக்கின் வழியே நடைபெறும் இடங்களில், விசாரணையின்றிக் கணக்கை முடக்கும் ஒரு சொடுக்கு அந்த ஆணையைவிடவும் கடுமையானது. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதியில் கைபேசித் தடையை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கணக்கு முடக்கத்தை எதிர்க்கும் எவரும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டலாம்.

விதி நமக்கும் கேடயம்

இதே விதிகள் நம்மைக் காக்கவும் வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இடஒதுக்கீட்டு மாணவரின் தரவரிசையைப் பகிர்ந்து இழிவுபடுத்துவது துன்புறுத்தலே. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு பொதுப்பார்வையில் அவமதிப்பதையும், 3(1)(யு) பிரிவு எழுத்தாலோ பேச்சாலோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதையும் குற்றமாக்குகின்றன. 2022-இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் பரப்பப்படும் இழிவுரைக்கும் இச்சட்டம் பொருந்தும் என்றும், பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்க வேண்டியதில்லை என்றும் கூறியது.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 சனவரியில் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. சாதி பிறந்த மண்ணில் உள்ள நம் நிறுவனங்களின் கணினி விதிகளில் ‘சாதி’ என்ற சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள். இணையதளத்தில் இல்லையெனில், அரசு நிறுவனமாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ்க் கோருங்கள்.

இரண்டாவது, அமைப்புப் பணிகளுக்கு நிறுவன மின்னஞ்சலையும் கணக்கையும் பயன்படுத்தாதீர்கள். சொந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள். நெருங்கிய தோழருக்குக்கூடக் கடவுச்சொல்லைத் தராதீர்கள். பதிவேட்டில் பதிவாவது உங்கள் பெயரே.

மூன்றாவது, சாதி இழிவுரை வந்தால் அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையாடலை முழுதாகச் சேமித்து, மூலக் கைபேசியையும் பாதுகாத்து வையுங்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். நிறுவனத்தின் சமவாய்ப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, கூட்டாகக் கோருங்கள்: விதிகள் தமிழிலும் வழங்கப்பட வேண்டும், சாதியத் துன்புறுத்தல் பெயர் சொல்லித் தடை செய்யப்பட வேண்டும், எழுத்துப்பூர்வ அறிவிப்பும் விளக்கமளிக்க வாய்ப்பும் இன்றி எந்தக் கணக்கும் முடக்கப்படக் கூடாது, விசாரணைக் காலத்தில் தேர்வும் நூலகமும் தடைபடக் கூடாது, விதிகளை வகுக்கும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

பொதுக் குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்காக 1927-இல் மகாடில் திரண்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். பல்கலைக்கழகத்தின் கணினியும் வலைப்பின்னலும் பொதுப்பணத்தில் அமைந்த பொதுச்சொத்து. அதன் விதிகளை அறிந்து மதிப்போம். அநீதியான விதிகளை மாற்றும் வரை போராடுவோம்.