எந்தக் கதவைத் தட்டுவது?

ஐப்பசி மாதம் வந்தால் ஜார்ஜ் டவுன் மளிகை வணிகர்களுக்கு உறக்கம் வராது. தெருவில் தேங்கும் தண்ணீர் படியேறி உள்ளே வந்தால், அடியடுக்கில் உள்ள பருப்பு மூட்டைகள் வீண். நனைந்த சரக்கை எந்த விலைக்கும் தள்ள முடியாது.

1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. ஆனாலும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு போன்ற இடங்களில் மளிகை மொத்த வணிகம் தொடர்ந்து நடக்கிறது. இத்தெருக்களைப் பராமரிப்பது 1688-ல் தோன்றிய சென்னை மாநகராட்சி. 2011-ல் அதன் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் அமைந்தன. அப்பிரிவினையில் ஜார்ஜ் டவுன் ராயபுரம் மண்டலத்தில் சேர்ந்தது.

குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், தொழில் உரிமம், சொத்து வரி, தொழில் வரி ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். மழை பெய்து தண்ணீர் வடியாவிட்டால் மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். மழையில்லாத நாளில் பாதாளச் சாக்கடை பொங்கினால் வாரியத்திடம் செல்ல வேண்டும். மனு இடம் மாறிப் போனால் நாட்கள் வீணாகும், நட்டம் நமக்கே.

வார்டு உறுப்பினரின் அருமையையும் நாம் அனுபவத்தில் அறிவோம். 1973 முதல் 1996 வரையிலும், பிறகு 2016 முதல் 2022 வரையிலும் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை, அதிகாரிகளே நிர்வகித்தனர். நம் தெருவின் குறையை மன்றத்தில் எழுந்து பேச ஆளில்லை. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகே அந்த நிலை மாறியது.

நம் பக்கமும் குறை உண்டு. கிழிந்த சாக்கும் அட்டைப்பெட்டியும் வடிகாலை அடைக்கின்றன. வடிகால் மூடியின் மேல் மூட்டை அடுக்கினால், தூர்வார வரும் பணியாளர் என்ன செய்வார்?

ஆகவே, புரட்டாசி முடிவதற்குள் கடை முன்னுள்ள வடிகாலைப் பார்வையிடுங்கள். அடைப்பிருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு கடைக்காரர் தனியாகப் போவதைவிட, தெருவிலுள்ள பத்துக் கடைக்காரர்கள் கையொப்பமிட்டு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அத்தாட்சி பெறுங்கள். வரி கட்டும் நாம் சேவையைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை. அந்த உரிமையைச் சரியான இடத்தில், மழைக்கு முன்பே கேட்போம்.