சோதனையே சிக்கலான இரவு

2025 அக்டோபர் 20, தீபாவளி. நண்பகல் கழிந்ததும் ஸ்னாப்சாட், சிக்னல் எனப் பல செயலிகள் உலகெங்கும் முடங்கின. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்., அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் நடத்தும் மையங்களில் கோளாறு. டைனமோடிபி தரவுத்தளத்தின் இணைய முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு காலியானதுதான் தொடக்கம். பிற்பகல் மூன்று மணிக்குள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் மாலை ஆறு மணிவாக்கில் நெட்வொர்க் லோடு பேலன்சர் தடுமாறத் தொடங்கியது.

வந்து குவியும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது இதன் வேலை. உள்ளே என்ன செய்தி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஐபி முகவரி, போர்ட் எண் போன்ற விவரங்களைக் கொண்டு ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கும். இணைப்பு முடியும்வரை அதே சர்வர்தான்.

எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அறியத்தான் ஹெல்த் செக். நாம் எதையும் மாற்றாவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும். தொடர்ந்து இரண்டு முறை தோற்ற சர்வருக்குப் புதிய இணைப்புகள் போகாது. மீண்டும் வரிசையில் சேர ஐந்து முறை தொடர்ந்து தேற வேண்டும். விலக்குவதில் அவசரம், சேர்ப்பதில் நிதானம். சரியான ஏற்பாடுதான், சோதனை பொய் சொல்லாதவரை.

ஆனால் சொல்லும். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், உள்ளே செயலி உறைந்து கிடப்பது தெரியாது. சரி, தரவுத்தளம்வரை தொட்டுப் பார்க்கலாம் என்றால், அது சற்றுத் திணறினாலே நல்ல சர்வர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தோற்றுவிடும். அதனால் எல்லா சர்வரும் தோற்றதாகத் தெரிந்தால், லோடு பேலன்சர் முடிவை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் இணைப்புகளை அனுப்பும். வடிவமைத்தவர்களே சோதனையை முழுதாக நம்பவில்லை!

அன்று மாலை புதிதாக எழுப்பிய மெய்நிகர் சர்வர்களுக்கு நெட்வொர்க் அமைப்பு விவரங்கள் வந்துசேரத் தாமதமானது. நன்றாக இருந்தவையும் சோதனையில் தோற்றன. பிறகு தேறின. விலக்கு, சேர், மறுபடி விலக்கு. இந்த அலைச்சலில் சோதனை அமைப்பே சுமை தாங்காமல் தாமதிக்க, வேலை செய்யும் திறன் இன்னும் சுருங்கியது. இந்திய நேரம் இரவு 10.06-க்குப் பொறியாளர்கள், சோதனை முடிவைப் பார்த்துத் தானாக விலக்கும் ஏற்பாட்டை நிறுத்தினார்கள். இணைப்புப் பிழைகள் தீர்ந்தன. பின்னிரவு 2.39-க்குத்தான் மறுபடி இயக்கினார்கள்.

சோதனை தோற்றால் ஒரு லோடு பேலன்சர் எவ்வளவு திறனை விலக்கலாம் என்பதற்கு இனி வரம்பு வைப்பதாக அமேசான் பிறகு அறிவித்தது. 2017-இல் வந்த சேவை அந்த வரம்பு இல்லாமலே இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்பதுதான் வியப்பு.